மாத்திரைக்கு முன் ஒரு துளி ரத்தம்

தமிழகத்தில் ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேரைப் படுக்கையில் தள்ளிய மலேரியா, அண்மை ஆண்டுகளில் சில நூறு பேர் என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து கொசுப்புழுவைத் தேடிய களப்பணியாளர்களின் உழைப்புக்குக் கிடைத்த பலன் இது. 2030க்குள் நாட்டிலிருந்தே மலேரியாவை ஒழிப்பது மத்திய அரசின் இலக்கு. ஆனால், இந்த வெற்றியைக் காய்ச்சல் கணக்கை வைத்து மட்டுமே அளக்கிறோம்; நோயாளியின் ரத்தம் என்ன ஆனது என்று கேட்பதில்லை. மலேரியாவுக்கு 14 நாள் மாத்திரை எழுதும் முன், அதை அந்த நோயாளியின் ரத்தம் தாங்குமா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மலேரியா அடிப்படையில் ரத்தத்தின் நோய். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, ஹீமோகுளோபினைத் தின்று பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இழப்பு அத்துடன் நிற்பதில்லை. கிருமி தொடாத அணுக்களையும் மண்ணீரல் அழிக்கிறது, எலும்பு மஜ்ஜையில் புது அணு உற்பத்தி மந்தமாகிறது, தட்டணுக்களும் குறைகின்றன. தமிழகத்தில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகையில், கிருமி புகுந்த ஒவ்வோர் அணுவுக்கும் கிருமி புகாத முப்பதுக்கும் மேற்பட்ட அணுக்கள் அழிகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாநிலத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்கள் என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்கிறது. அவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

வைவாக்ஸ் கிருமி கல்லீரலிலும் பதுங்கிக்கொள்ளும். வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடியும் காய்ச்சலைக் கிளப்பும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்லும். கல்லீரலில் பதுங்கியதை அழிக்கப் பிரைமாகுயின் வேண்டும். அதனால்தான் அதை 14 நாள் கொடுக்கிறார்கள். ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இதே மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கடுமையானால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், சிறுநீரகமும் பழுதாகலாம். காரணம் இந்த நொதிக் குறைபாடுதான் என்பது 1956இலேயே கண்டறியப்பட்டுவிட்டது.

நம் தேசிய வழிகாட்டு நெறிமுறையும் இந்த ஆபத்தை ஒப்புக்கொள்கிறது. குறைபாடு இருப்பது தெரிந்தவருக்குப் பிரைமாகுயின் கூடாது, சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும் என்கிறது. ஆனால் சோதிக்காமல் ஒருவருக்குக் குறைபாடு இருப்பது எப்படித் தெரியும்? புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் குடியிருக்கும் ஒரு கட்டடத் தொழிலாளி, ஒடிசாவில் வேலை முடித்துத் திரும்பிக் காய்ச்சலில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தத் தடவலில் வைவாக்ஸ் உறுதியானதும் மாத்திரை கைக்கு வருகிறது. ஐந்தாம் நாள் தலை சுற்றினால், காய்ச்சலின் அசதி என்று வீட்டில் சொல்வார்கள். கூலி போகுமே என்று அவரும் வேலைக்குக் கிளம்புவார். மாத்திரை தன் ரத்தத்தை உடைப்பதை அவர் தானாகவே கண்டுகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இந்தக் குறைபாடு அபூர்வம்தானே, அதற்கு எல்லோரையும் சோதிப்பது வீண் செலவில்லையா என்று கேட்கலாம். இந்தியாவில் இது சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் மாறுபடுகிறது. சில பழங்குடி மக்களிடையே பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. வெளிமாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்துபோகும் மாவட்டத்தில், தமிழகத்தின் சராசரி ஒரு தனி மனிதருக்கு உத்தரவாதம் ஆகாது. செலவைப் பொறுத்தவரை, ஆண்டுக்குச் சில நூறு நோயாளிகளே உள்ள மாநிலத்தால் தாங்க முடியாத செலவல்ல இது. விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் நொதியின் அளவையும் ஹீமோகுளோபினையும் சில நிமிடங்களில் காட்டும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. பிரேசில் தன் அரசு மருத்துவச் சேவையில் இத்தகைய சோதனையைச் சேர்த்திருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பக்கவிளைவைப் பற்றி அதிகம் பேசினால் மக்கள் பயந்து மாத்திரையைப் பாதியில் விடுவார்கள், நோய் திரும்பும், பரவும். இந்தக் கவலை நியாயமானது. மீண்டும் மீண்டும் வரும் மலேரியாவும் ரத்தத்தைத்தான் கரைக்கிறது. ஆனால் பயத்தைப் போக்குவது மௌனமல்ல, சோதனை. உங்கள் ரத்தம் இதைத் தாங்கும் என்று முடிவைக் காட்டிச் சொன்னால் 14 நாளும் விழுங்குவார்கள். குறைபாடு உள்ளவரையும் கைவிட வேண்டியதில்லை. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் வாரம் ஒரு முறை என எட்டு வாரம் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை, 1934-35இல் கொள்ளைநோயாக வந்த மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த நாடு. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது. அங்கே கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே தேடிப் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கட்டம் தமிழகத்துக்கும் வந்துவிட்டது. மாத்திரைக்கு முன் ஜி6பிடி, ஹீமோகுளோபின் சோதனை. முதல் வாரத்துக்குள்ளும் ஒரு மாதம் கழித்தும் மறுசோதனை. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதை நடைமுறைப்படுத்த மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் குவிந்த காலத்தில் இது முடியாது என்று சொல்ல முடிந்தது. இன்று அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.