சோம்பேறிகள் ஏறும் ஜீப்

"நூறு நாள் வேலைன்னு ஒண்ணைக் கொண்டாந்தானுங்க பாருங்க, அன்னைக்கே விவசாயம் செத்துச்சு. மரத்தடியில படுத்துத் தூங்குனா சம்பளம். அப்புறம் எவ வயலுக்கு வருவா?"

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில், வத்தக்குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவே ஒரு பெரியவர் இதைச் சொன்னார். எனக்குப் பெரியப்பா முறை. பக்கத்து இலைக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பையன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்கய்யா, எங்க ஊர்லயும் அப்படித்தான்" என்றான். பெரியவருக்குத் தெம்பு கூடிவிட்டது. "இப்பவாச்சும் டெல்லியில புத்தி வந்துச்சே. நடவு அறுப்பு நேரத்துல நிறுத்தி வெக்கச் சொல்லி சட்டம் போட்டுட்டாங்க" என்று அப்பளத்தை நொறுக்கினார்.

அவருக்கு ஒன்பது ஏக்கர் நஞ்சை. இருபது வருஷமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். போகத்துக்கு இத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டு, வெள்ளாமை விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணம் போய்ச் சேர்ந்துவிடும். படுத்துக்கொண்டே சம்பளம் வாங்குவதைப் பற்றி அவரைவிட அதிகாரத்தோடு பேச யாரால் முடியும்?

இந்தப் பேச்சுக்குக் கட்சி கிடையாது. இடதும் வலதும் ஒரே குரலில் பேசுகிற ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல், வாட்ஸ்அப்பில் போட்டால் பத்துக் குழுவுக்குப் பார்வர்டு. கடைசியில் சட்டமாகவே ஆகிவிட்டது. 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டத்தில் 100 நாளை 125 நாளாக்கியிருக்கிறார்கள். கூடவே, விதைப்பு, அறுவடைக் காலம் என்று ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். பந்தியில் பேசுவதெல்லாம் சட்டப் பிரிவாகிற நாட்டில் இனி இலை முன்னால் உட்காரும்போது வாயை அடக்கித்தான் உட்கார வேண்டும்.

சரி, தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஏலக்காய் ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் யார்?

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம், தேவாரம் பக்கம் இருட்டு விலகுவதற்கு முன்னால் போய் நின்று பாருங்கள். தெருமுனையில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கும். கையில் தூக்குச்சட்டி, புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்ற ஒரு பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு என்று பெண்கள் ஏறுவார்கள். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினைந்து பேர். போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவு மட்டும் 17. அதைத் தாண்டி கேரளத்துக்குள் இறங்கி பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று ஏலத்தோட்டங்களில் போய் இறங்க வேண்டும். ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கிற சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ பறிக்க வேண்டும். அதிலும் விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மழைக் காலத்தில் காலெல்லாம் அட்டை. சாயங்காலம் மறுபடி அதே ஜீப், அதே 17 வளைவு. வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது மணி ஏழு. ஜீப் கவிழ்ந்து செத்தவர்களும் உண்டு. மறுநாளும் ஜீப் நிறையத்தான் ஆள் ஏறுகிறது.

தேனி மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை கிடையாதா? உண்டு. தஞ்சாவூருக்கு என்ன விதியோ அதேதான் தேனிக்கும். அதே வேலை அட்டை, அதே மரத்தடி. அந்த மரத்தடியில் படுத்துத் தூங்காமல் மாநில எல்லை தாண்டிப் போய் அட்டைக்கடி வாங்க அந்தப் பெண்களுக்கு என்ன பைத்தியமா? ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரத்தில் 2022-23இல் கேரளத்துக் கிராமங்களில் விவசாய வேலை செய்கிற ஆணுக்குச் சராசரி நாள்கூலி 764 ரூபாய். நாட்டின் சராசரி 346. ஏலக்காய் பறிக்கிற பெண்ணுக்கு 764 கிடைப்பதில்லை. ஆனால் உள்ளூரில் கிடைப்பதைவிட மலையில் கூட வருகிறது, வருஷத்தில் பல மாதம் தொடர்ந்து வருகிறது. அதனால் ஏறுகிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது இடுக்கித் தோட்டக்காரர்கள் தமிழ்நாட்டு ஆட்கள் இல்லாமல் கையைப் பிசைந்தார்கள். நம் பெரியப்பா கணக்குப்படி, சோம்பேறிகள் வராததால் ஒரு மாவட்டத்தின் தோட்டத் தொழிலே தடுமாறியது.

இனி காவிரி டெல்டாவுக்கு வருவோம். அறுவடைக்கு ஆள் இல்லை என்கிறார்களே, அறுவடைக்கு ஆள் கூப்பிட்டு எத்தனை வருஷமாகிறது? சேறாக இருந்தால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. மணிக்கணக்கில் வாடகை பேசி, புரோக்கருக்கு ஒரு பங்கு கொடுத்து, மிஷின்தான் அறுக்கிறது. முன்பு அறுப்பு அறுத்து, கட்டு சுமந்து, களத்தில் அடித்துத் தூற்றி, கூலியாக நெல் அளந்து வாங்கி வீட்டில் கொட்டினால் சில மாதச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மிஷின் வந்ததும் அந்த நெல் போய்விட்டது. களை எடுப்பும் பாதிக்கு மேல் மருந்தடிப்பாகிவிட்டது. அறுப்புக் கூலியும் களைக் கூலியும் மிச்சமானபோது கிராமத்துப் பெண்களின் வேலைநாள் குறைந்துபோனதே என்று எந்தப் பந்தியில் யார் வருத்தப்பட்டார்கள்? மிச்சம் இருப்பது நாற்றுப் பறியும் நடவும். போகத்துக்கு இரண்டு மூன்று வாரம். அந்த இரண்டு மூன்று வாரத்துக்காக ஊரில் நூறு குடும்பம் காத்துக் கிடக்க வேண்டும்; மற்ற நாளில் காற்றைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும்; கூப்பிட்ட அன்று கூப்பிட்ட கூலிக்கு வர வேண்டும். அப்படி வராமல் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பனியன் கம்பெனிக்கும் சித்தாள் வேலைக்கும் போனவர்கள் இந்தப் பெரியவர்கள் கண்ணில் ஓடுகாலிகள்.

அந்த இடத்துக்குத்தான் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் குறுவை, சம்பா நடவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டமாக வந்து, மோட்டார் கொட்டகையிலோ ஊர் மண்டபத்திலோ தங்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடுகிறார்கள். நம் ஊரில் நடவு பெண்கள் வேலை, நாற்றுப் பறிப்பது ஆண்கள் வேலை. அவர்களில் ஆண்களே பறித்து ஆண்களே நடுகிறார்கள். விடிவதற்குள் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுகிறார்கள். நல்ல உழைப்பாளிகள், சந்தேகமே இல்லை. "பாரு, அவனைப் பார்த்துக் கத்துக்க" என்று உள்ளூர்ப் பெண்களுக்குப் பாடம் நடத்த இவர்களைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தப் பாடத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு நடத்துகிறார்கள். 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கு நூறு நாள் வேலை நிதியை மத்திய அரசு நிறுத்தியது. முறைகேடு என்று காரணம் சொன்னார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே அந்த வேலையே நடக்கவில்லை. பெரியப்பாவின் தத்துவம் சரியென்றால் அந்த மூன்று வருஷத்தில் வங்காளத்து வயலெல்லாம் ஆள் நிரம்பி வழிந்திருக்க வேண்டும். மரத்தடி காலியானதும் எல்லாரும் நேரே பக்கத்து வயலுக்குப் போயிருக்க வேண்டும். அவர்களோ ரயிலேறி இரண்டு நாள் பயணம் செய்து மன்னார்குடியில் சேற்றில் இறங்கினார்கள். அவர்களுடைய ஊர் நிலக்காரரும் இந்நேரம் ஏதாவது கல்யாணத்தில் உட்கார்ந்து, "ஆளே கிடைக்கல, எல்லாம் சோம்பேறியாயிட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

கூத்தைக் கவனியுங்கள். வங்காளி வங்காளத்தில் சோம்பேறி, தஞ்சாவூரில் உழைப்பாளி. தமிழச்சி தேனியில் சோம்பேறி, ஜீப்பில் ஏறி 17 வளைவு தாண்டினால் உழைப்பாளி. மலையாளியைக் கேட்டால், எங்கள் ஊர்ப் பையன்கள் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள் என்பான். அவனே வளைகுடாவில் வேகாத வெயிலில் வேகிறான். சோம்பேறித்தனம் மனிதனுக்குள் இல்லை போலும், சோதனைச்சாவடியில்தான் எங்கோ இருக்கிறது.

புதிய கண்டுபிடிப்பும் இல்லை இது. இலங்கையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரன் சிங்கள விவசாயியைச் சோம்பேறி என்றான். தனக்குக் காணி இருக்கும்போது இன்னொருவனுடைய தோட்டத்தில் நாள் முழுக்க நிற்க அவன் ஒப்பவில்லை, அவ்வளவுதான் விஷயம். உடனே நம் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் பிடித்துப் போனார்கள். காடு அழித்தவர்களுக்கும் தேயிலை கிள்ளியவர்களுக்கும் 1948இல் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். பறிக்க மட்டும் ஆள் வேண்டும், ஆளுக்கு ஊர் வேண்டாம். இன்று "வடக்கன்" என்று ஏளனமாகப் பேசிக்கொண்டே அவனை நாற்றுக்கட்டு தூக்கச் சொல்லும் நமக்கு இந்த வரலாறு ஞாபகம் இருந்தால் நல்லது.

அமெரிக்காவிலும் இதே கதை. ஜார்ஜியா மாநிலத்தில் 2011இல் கடுமையான குடியேற்றச் சட்டம் போட்டதும் மெக்சிகோக்காரர்கள் பயந்து கிளம்பிவிட்டார்கள். காய்கறி தோட்டத்திலேயே அழுகியது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளைப் பறிக்க அனுப்பலாம் என்றார் ஆளுநர். போனவர்களில் பலர் ஒரு நாள்கூடத் தாங்காமல் கிளம்பினார்கள். ஜார்ஜியாவில் நூறு நாள் வேலைத் திட்டம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கீழ்வெண்மணியிலும் இருந்ததில்லை. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டு அறுப்புக்காரர்கள் நின்றபோது கிழக்குத் தஞ்சை மிராசுதார்கள் சொன்ன வைத்தியம், வெளியூரிலிருந்து ஆளை இறக்குவது. அந்தத் தகராறு 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்ததில் போய் முடிந்தது. விவசாயத் தொழிலாளிக்கு நியாயக் கூலி என்று 1969இல் ஒரு சட்டம் வருவதற்கு அவ்வளவு சாம்பல் தேவைப்பட்டது. ஆள் இல்லை என்று டெல்டாவில் யாராவது சொன்னால், என்ன கூலிக்கு என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும்.

அந்த மரத்தடிக்கே போவோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் பெண்கள். எங்கள் ஊரில் பார்த்தால் பாதிப் பேர் கிழவிகள். முட்டி தேய்ந்தவர், கண்புரை விழுந்தவர், பிள்ளை திருப்பூரில் இருந்து பணம் அனுப்பாதவர். நடவுக்கு ஆள் எடுக்கும் நடவுக் கொத்துக்காரி இவர்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்; வரிசையில் பின்தங்கிவிடுவார்கள் என்று கழித்துவிடுவாள். அந்த 65 வயதுக் கிழவிக்கு வேலையை நிறுத்திவிட்டால் அவள் அடுத்த நாள் வயலில் இறங்கி ஏக்கர் கணக்கில் நட்டுத் தள்ளிவிடுவாளா? தூங்குகிறார்கள் என்கிறீர்களே, காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் எடுத்து ஆப்பில் ஏற்றாவிட்டால் அன்றைக்கு வருகையே கிடையாது. அறிவித்த கூலி 2025-26இல் 336 ரூபாய். வெட்டிய மண்ணை அளந்து கழித்ததுபோகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதையும் மாதக்கணக்கில் பாக்கி வைப்பார்கள். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி நிலுவை ஆயிரம் கோடியைத் தாண்டி, தெருவில் இறங்கிக் கேட்க வேண்டியிருந்தது. இந்தச் சொகுசுக்குத்தான் ஜனங்கள் அடிமையாகிவிட்டார்களாம்.

விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை, அது உண்மை. உரம் விலை, டீசல் விலை, மிஷின் வாடகை, குத்தகை மூட்டை. கடைசியில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று வாரக்கணக்கில் போட்டு வைத்து, மழையில் நெல் முளைத்த பிறகு எடை போடுகிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக நீளும் கை வேறு. இதில் ஒன்றைக்கூடப் பந்தியில் பேசவில்லை. உரக் கம்பெனியிடம் பேரம் பேச முடியாது, கொள்முதல் நிலையத்தில் குரல் உயர்த்த முடியாது. நில உரிமையாளரிடம் குத்தகையைக் குறை என்று கேட்கவே முடியாது, அவர்தான் எதிர் இலையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறார். மிச்சமாக இருப்பது நடவுக்காரி. அவள் கூலியை மட்டும்தான் குறைக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது.

இப்போது அந்த 60 நாளுக்கு வருகிறேன். எந்த 60 நாள்? குறுவை நடவு ஜூனில், சம்பா நடவு செப்டம்பரில், சம்பா அறுப்பு தை மாசியில், அதையும் மிஷின் அறுக்கிறது. ஏலக்காய்ப் பெண்ணுக்கு இந்த 60 நாள் ஒரு பொருட்டே இல்லை. அவள் ஜீப்பில் ஏறிப் பல காலம் ஆகிறது. நிறுத்தலாம் என்று எழுதியவர்கள் இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருக்கலாம்: நிறுத்திவைத்த நாளில் வயலில் வேலை நிச்சயம் உண்டு, கூலி இத்தனை ரூபாய்க்குக் குறையாது, வேலை தராவிட்டால் இன்னாரைக் கேட்கலாம் என்று. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.