விரட்டப்பட்டவனை விரட்டாதீர்!

"1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விரட்டினார்களே, மண்டபம் முகாம் அகதிகளுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?" என்று கடைத்தெருவில் சிலர் கேட்கிறார்கள்.

விரட்டியது விடுதலைப் புலிகள். படகேறி வந்தவர்களோ உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஏழைகள். இருவரும் ஒன்றா?

அன்று விரட்டப்பட்ட நம் சகோதரர்களுக்குப் புத்தளம் மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். அந்த மனம் நமக்கு வேண்டாமா?

1983 முதல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்துவிட்டார்கள். நம் கடைகளில்தான் அரிசியும் துணியும் வாங்குகிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிமை ஒதுக்கியது. இலங்கை அகதியையும் ஒதுக்கியது.

வியாபாரிகளே! அகதி என்பதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். இளைஞர்களே! குடியுரிமைக்குக் குரல் கொடுக்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள். நமக்கொரு நீதி, அவர்களுக்கொரு நீதி என்பது நியாயமாகுமா?