மடியும் ஆசனமும்

கைக்குழந்தையை மோட்டார் வண்டியில் தனியாசனத்தில் இருத்தி வாராற் பிணித்து வைப்பது தாய்மைக்கு அடாத செயலென்று நம்மவருட் பலர் கருதுகின்றனர். மேனாட்டார் வழக்கமென்பர் சிலர். பிள்ளையைக் கட்டிப்போடும் கொடுமையென்பர் வேறு சிலர். படித்தவர் வாயிலும் இப்பேச்சு வருகின்றது. இதனை மறுக்கும் கடமை தமிழாசிரியருக்கு எங்ஙனம் வந்ததென்று வியப்போர் இருக்கலாம். தாய்மடியின் பெருமையைப் பாட்டாலும் உரையாலும் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தவர் நாமே. ஆதலின், அம்மடியின் வலிமைக்கு எல்லை எங்கேயுள்ளதென்று சொல்லும் பொறுப்பும் நம்மதே.

மடியின் அன்பை எவரும் ஐயுறவில்லை. ஐயமெல்லாம் எலும்பையும் தசையையும் பற்றியது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியொன்று மரத்தில் மோதி நிற்கின்றதெனக் கொள்வோம். அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றராம். உள்ளிருப்போர் செக்கனிற் பத்திலொரு பங்கு நேரத்தில் நிறுத்தப்படுவாராயின், ஒவ்வோர் உடலும் தன் எடையைப்போல் 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். 8 கிலோகிராம் எடையுள்ள குழந்தையை நிறுத்தத் தாயின் கைகள் 112 கிலோகிராம் சுமையைத் தாங்கல் வேண்டும்; அஃதாவது இரண்டு அந்தருக்கும் மேல். அதுவும் அவள் சற்றும் எதிர்பாராத கணத்தில். நெல் மூடை சுமந்து பழகிய தோளுக்கும் இஃது இயலாது. தாய் ஆசனப்பட்டி அணியாதிருப்பின் அவளுடலே பின்னிருந்து குழந்தையை நசுக்கும். இருவரையும் ஒரே பட்டியாற் சுற்றிக்கொள்ளின் பட்டிக்கும் தாய்க்கும் இடையே குழந்தை அகப்படும். இப்படியும் அப்படியும் மடி தோற்கின்றது. அன்பு குறைந்தமையால் அன்று.

அம்மோதல் 10 மீற்றர் உயரத்திலிருந்து, மூன்று மாடி வீட்டின் உச்சியிலிருந்து என்க, கீழே விழுவதற்கு ஒப்பானது. அங்கே மதிலின்மேல் நின்று குழந்தையை மடியில் வைத்திருக்க எந்தத் தாயும் உடன்படாள். வண்டியினுள் மெத்தையும் குளிர்காற்றும் சூழ்ந்திருப்பதால் உயரம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

குழந்தைகளுக்கென வண்டியில் ஆசனம் அமைக்கும் வழக்கம் 1930 களிலேயே மேனாடுகளில் இருந்தது. ஆயின் அக்காலத்து ஆசனங்கள் பிள்ளை வெளியே பார்க்கவும் வண்டிக்குள் உலவாதிருக்கவும் செய்யப்பட்டவையேயன்றிக் காப்புக்காகச் செய்யப்பட்டவையல்ல. 1959 இல் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் வளர்ந்தோர்க்கான மும்முனை ஆசனப்பட்டியை அமைத்தார். 1962 இல் இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லெனாட் றிவ்கின் ஆகிய இருவர் ஒருவரையொருவர் சாராது குழந்தைக் காப்பாசனங்களை வகுத்தனர். சுவீடன் தேசத்து வைத்தியர் பேர்ட்டில் அல்ட்மன் 1964 இற் செய்த சோதனையே இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது. ஜெமினி விண்கலத்தில் வீரர் தம் முதுகு முழுவதும் ஆசனத்திற் படியுமாறு இருத்தப்பட்டதைக் கண்டு, குழந்தையையும் அவ்வாறே வண்டியின் செலவுக்குப் புறங்காட்டி இருத்தினாலென்ன என்று அவர் எண்ணினார். மோதும்போது விசை முழுவதும் முதுகிலும் தலையிலும் பரந்து விழும். கழுத்து தனித்து நின்று தாங்க வேண்டியதில்லை. போரிற் புறங்கொடுத்தல் இழுக்கென்று படித்த நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றும்.

கழுத்தைப் பற்றி ஏன் இத்துணைக் கவலை? பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நாலிலொரு பங்கு தலை. வளர்ந்தோர்க்கோ எட்டிலொரு பங்களவே. அப்பாரத்தைத் தாங்கும் கழுத்தெலும்புகளில் இன்னும் குருத்தெலும்பே மிகுதி. பிள்ளைத்தமிழ் கற்பித்தோர் இதனை எளிதில் உணர்வர். குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரைக்கு ஒரு பருவம், கைகொட்டும் சப்பாணிக்கு ஒரு பருவம், நடந்துவரும் வருகைக்கு ஒரு பருவமென வகுத்தவர் உடல் வளர்ச்சியின் படிகளை உற்றுநோக்கியவரே. மூன்றாந் திங்கள் தொடங்கி ஒற்றைத் திங்களாக எண்ணும் கணக்கின்படி அம்புலிப் பருவம் 15 ஆந் திங்களில் வரும். 2013 இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் 129 ஆம் ஒழுங்குவிதியும் குழந்தை 15 மாதம் நிறையும் வரையேனும் பின்புறம் நோக்கியே இருத்தல் வேண்டுமென்கின்றது. இதனைக் கொண்டு முன்னோர் மோட்டார் வண்டியையும் அறிந்திருந்தனரென்று சாதிக்கப் புகும் கூட்டத்தில் யான் சேர்ந்தவனல்லன். பருவத்துக்கேற்ற பேணல் நமக்குப் புதிதன்று என்பதே எனது கருத்து. 15 மாதம் என்பதும் குறைந்த எல்லையே. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2018 இல், ஆசனம் ஏற்கும் உயர எடை வரம்பை எட்டும்வரை பின்னோக்கியே இருத்துக என்று அறிவுறுத்தியது. காலை மடக்கியிருக்கும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் இரங்குவர். பிள்ளைக்கு அது வருத்தம் தருவதன்று.

சட்டமும் மெல்லவே பின்தொடர்ந்தது. அமெரிக்காவின் தெனசி மாநிலச் சட்டம் 1978 இல் நடைமுறைக்கு வந்து அந்நாட்டில் முதலாவதாயிற்று. ஜப்பானில் 2000 ஏப்ரல் முதல் ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு இவ்வாசனம் கட்டாயம். நம் வீதிகளில் ஓடும் வண்டிகளுட் பல ஜப்பானில் ஓடிக் கழித்தவை என்பதை நினைவிற் கொள்க. அங்கே பிள்ளையின் ஆசனம் பூட்டப்பட்ட அதே பின்னிருக்கையில் இங்கே நான்கு பேர் நெருங்கியிருக்க, ஐந்தாமவர் மடியிற் குழந்தை உறங்குகின்றது. நம் நாட்டிற் சாரதியும் முன்னாசனத்திலிருப்பவரும் பட்டியணிதல் 2011 இற் கட்டாயமாயிற்று. அதே ஆண்டிலே தெற்கு அதிவேக நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. அங்கே விதித்த எல்லை 100 கிலோமீற்றர். வேகம் இரட்டித்தால் முற்கூறிய வீழ்ச்சியின் உயரம் நான்கு மடங்காகும். எந்தத் தென்னையும் எட்டாத உயரம் அது.

முச்சக்கரவண்டியையும் மோட்டார் சைக்கிளையுமன்றி வேறறியாத குடும்பங்களுக்கு இவ்வுரை எட்டாதென்பதை ஒப்புக்கொள்கின்றேன். அவற்றில் ஆசனம் பூட்ட வழியில்லை. விலையும் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நல்ல பங்கை விழுங்கும். ஆயினும் சொந்த வண்டி வைத்திருப்போரும், பட்டியுள்ள வாடகை வண்டியில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமிடையே இரவு முழுவதும் ஓடுவோரும் நம்மிற் குறைவல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி இவ்வாசனங்களின் உபயோகம் குழந்தை மரணங்களை நூற்றுக்கு 60 அளவிற் குறைக்க வல்லது. நகைக்கடையில் தயங்காதவர் இங்கே விலை பேசுவது எனக்கு உவப்பாயில்லை.

வாங்குவது பாதி வேலைதான். முன்னிருக்கையின் எதிரே காற்றுப்பை இயங்கும் நிலையிலிருப்பின் பின்னோக்கிய ஆசனத்தை அங்கு ஒருபோதும் வைத்தலாகாது. வெடித்து விரியும் பை ஆசனத்தின் முதுகை அறைந்து குழந்தையைக் கொல்லும். தோள்வார் தளர்ந்திருத்தலுங் கூடாது. தோளருகே வாரை விரலாற் கிள்ளிப் பார்க்க, மடிப்பு அகப்படலாகாது. பின்னோக்கியிருக்கும்போது வார் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்கல் வேண்டும். முன்னோக்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலோ. பச்சிளங்குழந்தையின் நாடி மார்பிற் கவிழுமளவுக்கு ஆசனம் நிமிர்ந்திருப்பின் மூச்சு அடைபடும். விபத்திற்பட்ட ஆசனத்தை மறுபடி உபயோகித்தலாகாது.

இவையாவும் ஆசனத்தோடு வரும் கைந்நூலில் உள்ளவை. அந்நூல் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கும். கனடாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ உறவினர் அனுப்பிய ஆசனம் வந்திறங்கும்போது படத்தைப் பார்த்துப் பூட்டுவதே வழக்கமாகின்றது. இங்கேதான் தமிழ் கற்றோர்க்கு வேலை உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆபத்து நேரும். ‘பின்னோக்கிய ஆசனம்’ என்று யானும் மேலே எழுதிவிட்டேன். கட்டுரை வாசகர்க்கு அது போதும். ஆனால் கைந்நூலில் அத்தொடரைக் காணும் தகப்பன், ஆசனத்தைப் பின்னிருக்கையில் வைத்தாற் போதுமென்று பொருள் கொண்டு குழந்தையை முன்முகமாகவே இருத்திவிடக்கூடும். ‘குழந்தையின் முகம் வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும்’ என்றே எழுதுக. நீளமாயினும் பிறழாது. ‘வார்’, ‘கொளுக்கி’, ‘தோள்மட்டம்’ முதலிய சொற்கள் எல்லார்க்கும் விளங்குவன. அவற்றிருக்கப் புதுச்சொல் படைக்கும் ஆசையை இவ்விடத்தில் அடக்கிக்கொள்ளுமாறு மாணாக்கரை வேண்டுகின்றேன்.