பீரோவுக்குப் பின்னால் இரண்டு கண்கள்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டைப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது அந்தக் குட்டி. சாம்பல் நிறம், வயிற்றில் மட்டும் வெள்ளை. வயது இரண்டரை மாதம். தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் தாய்ப்பூனை போட்ட நான்கு குட்டிகளில் ஒன்று. போன இடம், சென்னை மாம்பலத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு வருடமாகக் கெஞ்சி, அரைப்பரீட்சை மார்க்கைக் காட்டி வாங்கிய அனுமதி அது. 'மிளகு' என்று பெயர்கூட முன்பே வைத்தாகிவிட்டது.

ஹாலில் பெட்டியைத் திறந்தார்கள். மிளகு ஒரே பாய்ச்சலில் உள்ளறைக்குள் ஓடி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் புகுந்துகொண்டது. பால் வைத்தார்கள், வரவில்லை. டார்ச் அடித்தார்கள், இன்னும் உள்ளே போனது. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா கையை நீட்டி இழுக்கப் பார்த்தார். 'ஸ்ஸ்' என்று சீறி ஒரு கீறு கீறியது. ரத்தம் வந்தது.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். சரிப்படலேன்னா எடுத்த இடத்துலயே விட்டுடலாம்" என்றார் அப்பா. "அப்பவே சொன்னேன், பூனை சகவாசம் வேண்டாம்னு" என்றார் பாட்டி. மகள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

பூனை வளர்க்க ஆரம்பித்த பல வீடுகளில் முதல் இரவு இப்படித்தான் போகிறது. அவசரப்பட்டுத் திருப்பி விட்டால் நஷ்டம் குட்டிக்குத்தான். தாயின் சூட்டை விட்டு வந்து, இன்னொரு இடமும் பழகாமல், திரும்பவும் தெருவுக்குப் போகும் குட்டி பிழைப்பது கஷ்டம். அதனால் முதல் வாரம் முக்கியம்.

முதலில் கீறலைக் கவனிக்க வேண்டும்

பூனை கீறினாலோ கடித்தாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கழுவிய கையோடு மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'குட்டிப் பூனைதானே' என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை. பூனையாலும் வரும், வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். அப்பா மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டார்.

ஏன் இவ்வளவு பயம்?

அன்று மத்தியானம் அம்மா கால்நடை மருத்துவரைப் பார்த்தார். "உங்க மேல கோபமெல்லாம் இல்லம்மா. அதுக்கு வீடே பெரிய காடு மாதிரி இருக்கு" என்றார் அவர்.

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். குக்கர் விசில், மிக்சி, காலிங்பெல், டி.வி. என்று நமக்குப் பழகிப்போன சத்தங்கள் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் புரியும். வாசனையும் அப்படித்தான். தாயின் வாசனையும் கூடப் பிறந்தவற்றின் வாசனையும் காணாமல் போய், ஊதுபத்தியும் ஃபினைலும் தாளிப்பும் ஒரேயடியாக மூக்கில் ஏறுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் செய்த ஆய்வுகள், பூனைக்குட்டி மனிதர்களிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும் பருவம் பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை என்று காட்டின. அந்த நாள்களில் மனிதக் கை படாமல் மொட்டை மாடியில் வளர்ந்த குட்டி கூச்சப்படத்தான் செய்யும். பழக்க முடியும், கொஞ்சம் நாளாகும். அதற்காக ஏழு வாரத்துக்குள் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வரவும் கூடாது. குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். அங்கேயே போய்ப் பார்த்து, தடவி, பழகிவிட்டு எடுத்து வருவதுதான் நல்ல வழி.

முழு வீடு வேண்டாம், ஒரு அறை போதும்

மருத்துவர் சொன்ன முதல் யோசனை இதுதான். பாட்டியும் பேத்தியும் படுக்கும் உள்ளறையை மிளகுக்கு ஒதுக்கினார்கள். ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர்மூலையில் மணல் தட்டு. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கழிப்பது பூனைக்குப் பிடிக்காது. குட்டி ஏறி இறங்கும்படி தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கட்டியாகும் வகை மணல் சின்னக் குட்டிகளுக்கு வேண்டாம். தின்றுவிட்டால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

கூடவே, பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே, குட்டி வந்த பெட்டியில் கிடந்த அதே பழைய துணி. துவைக்கக் கூடாது, அதில் தாயின் வாசனை இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவற்றுக்கு மூன்று நான்கு நாள்களிலேயே பதற்றம் குறைந்திருந்தது. மற்றவற்றுக்கு அதிக நாள் பிடித்தது. 2014-ல் வெளியான ஆய்வு இது. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே வரத் தைரியம் வரும்.

பால் வைத்தால் போதுமா?

போதாது. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது. குட்டிக்கு வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தண்ணீர்தான் வைக்க வேண்டும். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பதும் ஆபத்து. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தானாகத் தயாரித்துக்கொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அசைவம் சமைக்காத வீடுகளில் குட்டிகளுக்கென்று விற்கும் உணவைக் கொடுக்கலாம். ஈர உணவை லேசாகச் சூடு காட்டினால் வாசனை தூக்கும், பயந்த குட்டியும் எட்டிப் பார்க்கும். வேகவைத்த கோழி கொடுப்பதானால் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்.

குட்டி ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டால் 'பழகினால் சாப்பிடும்' என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். மிளகு விஷயத்தில் அந்த நிலைமை வரவில்லை. திங்கட்கிழமை இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் 'சளக் சளக்' என்று ஒரு சத்தம். மகள் பாட்டியின் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேரும் அசையவில்லை. காலையில் தட்டு காலி. மிளகு அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பீரோ இடுக்கை அம்மா சத்தமில்லாமல் தலையணை வைத்து அடைத்தார்.

கண்டுகொள்ளாதவரிடம்தான் முதலில் வந்தது

செவ்வாய்க்கிழமை குடியிருப்புப் பிள்ளைகள் ஏழு பேர் பூனை பார்க்க வந்தார்கள். "அடுத்த வாரம் வாங்க கண்ணுங்களா" என்று அம்மா வாசலிலேயே அனுப்பிவிட்டார். மகளுக்குக் கோபம். ஆனால் முதல் சில நாள் விருந்தாளி வேண்டாம் என்பது மருத்துவர் சொன்ன இரண்டாவது யோசனை.

மூன்றாவது யோசனை: தரையில் உட்கார வேண்டும், சும்மா இருக்க வேண்டும். நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் மனிதர் குட்டியின் கண்ணுக்கு மலை. உற்றுப் பார்ப்பதும் அதற்கு மிரட்டல்தான்.

இதைச் சரியாகச் செய்தவர் பாட்டி. யோசனையைக் கேட்டு அல்ல; அவருக்குப் பூனையைப் பார்க்கவே இஷ்டமில்லை. புதன்கிழமை அவர் பாட்டுக்கு அறையில் கால் நீட்டி உட்கார்ந்து, ரேடியோவை மெல்ல வைத்து, பீன்ஸ் நறுக்கினார். மிளகு பெட்டியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. வியாழன் அன்று பாதி அறை வரை வந்தது. வெள்ளிக்கிழமை பாட்டியின் புடவைத் தலைப்பை முகர்ந்து, கன்னத்தை அவர் முழங்காலில் ஒரு தேய் தேய்த்தது. கன்னத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனையைப் பூசி, 'இது நமக்குப் பழகிய இடம்' என்று பூனை குறித்துக்கொள்ளும் முறை அது.

"இது என்னடி, என்னையே சுத்திச் சுத்தி வருது?" என்றார் பாட்டி. குரலில் புகார். கை மட்டும் பீன்ஸை விட்டிருந்தது.

மகளுக்குக் கண் கலங்கியது. "நான்தானே பாட்டி கேட்டேன் அதை?" பாட்டி சொன்னார்: "நீ பிடிக்கப் போறே, அது ஓடுது. நான் சும்மா இருக்கேன், அது வருது. நீயும் இப்படி உட்காரு."

சனிக்கிழமை அவளும் உட்கார்ந்தாள். மிளகு பார்த்தபோது கண்களை மெதுவாகச் சுருக்கி, மூடி, திறந்தாள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் இப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகளும் திருப்பிச் சிமிட்டுகின்றன, அறிமுகமில்லாதவரிடம்கூட நெருங்கி வருகின்றன என்கிறது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, மிளகும் கண்ணை மூடித் திறந்தது. மகள் ஒரு விரலை மட்டும் நீட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை

* மல்லிகைச் சரத்தின் நார், தையல் நூல், ரப்பர் பேண்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.
* பீரோவில் போடும் நாப்தலின் உருண்டை, தரை துடைக்கும் ஃபினைல் இரண்டும் விஷம். அந்த அறையை வெறும் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போதும்.
* மனிதர்களின் மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் கொஞ்சம் போனாலும் பூனை செத்துவிடும்.
* வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே பார்க்க வேண்டும். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும்.
* கையை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் கை கடிக்கும் பொருள் என்று குட்டி கற்றுக்கொள்ளும். குச்சியில் துணி கட்டி ஆட்டலாம்; விளையாடி முடித்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும்.
* முத்தடுப்பு ஊசி எட்டு வாரத்திலிருந்தும், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்திலும் தொடங்கும். அட்டவணையையும் பூச்சி மருந்தையும் மருத்துவர் சொல்வார்.

பூனை வளர்ப்பவர்கள் மூன்று மூன்றாக ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பழக மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். முன்னே பின்னே ஆகலாம்.

மறு ஞாயிறு வந்தது. திருப்பி விடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது ஊசி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. உள்ளறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு தெரிந்தது. அப்பா அசையாமல் நின்றார். பிறகு, கையில் காப்பி டம்ளரோடு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.