விற்றே ஆகவேண்டியவர் பேரம் பேச முடியுமா?

மாண்புமிகு புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,

2022 செப்டம்பர் கடைசியில் நம் மின் விநியோகத்தை விற்க டெண்டர் வந்ததும் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கரண்ட் இல்லாத ஊர்களில் ஜனங்கள் சாலையை மறித்தார்கள். அரசா தனியாரா என்ற சண்டையில், டெண்டரில் இருந்த ஓர் எண்ணை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பங்குகள் நூற்றுக்கு நூறும் வாங்குபவருக்கே.

டெல்லி 2002-இல் தனியாரைக் கொண்டுவந்தபோது 49 விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டது. நம்மைப் போன்ற யூனியன் பிரதேசமான தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூவில் டோரன்ட் பவர் நிறுவனம் பெற்றதும் 51 தான். நமக்கு ஏன் இப்படி?

யூனியன் பிரதேசங்களில் மின் விநியோகம் தனியாருக்குப் போகும் என்று 2020 மே மாதமே மத்திய நிதியமைச்சர் அறிவித்துவிட்டார். வீட்டை விற்றே தீரவேண்டும் என்று ஊருக்கே தெரிந்தபின், வாங்க வருகிறவன் ஏன் இறங்கிப் பேசப்போகிறான்?

அரசிடம் பங்கு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். மத்திய ஒடிசாவில் 1999 செப்டம்பரில் அமெரிக்க நிறுவனமான ஏ.இ.எஸ். 51 விழுக்காட்டோடு பொறுப்பேற்றது. அடுத்த மாதமே பெரும்புயல். பாக்கித் தகராறு முற்றி, 2001-இல் நிறுவனம் கைகழுவிவிட்டுப் போனது. சாய்ந்த கம்பங்களும் கடனும் ஒடிசாவிலேயே கிடந்தன.

புயல் நமக்கும் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. திட்டுவதற்காவது நமக்கு ஓர் இடம் இருந்தது: மின்துறை அலுவலகம், அதற்குமேல் அமைச்சர், அதற்கும்மேல் ஓட்டு. முழுவதும் விற்றபின் மிஞ்சுவது இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அது இருப்பது ஹரியானாவின் குருகிராமில்.

நகராட்சியிலும் கேட்க ஆளில்லை. 2014-இல் இடிந்த நகராட்சியின் மேரி கட்டடத்தை அழகாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். ஆனால் 2006-இல் தேர்வான மன்றத்தின் காலம் 2011-லேயே முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். மின்சாரமோ வேறெதுவோ, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்றாலும் கையெழுத்துக்கு முன் வரைவைத் தமிழிலும், மாஹேக்கு மலையாளத்திலும், ஏனாமுக்குத் தெலுங்கிலும் அச்சிட்டுச் சட்டப்பேரவையில் வையுங்கள். புயல் செலவு யாருடையது என்பது அதில் தனி ஷரத்தாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மின்கட்டணம் தவறாமல் கட்டும் புதுச்சேரிக்காரன்