பச்சைக் கரைப்பானா, பச்சைப் பொய்யா?

நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்துவிட்டால், சில நாட்களில் பாட்டில் காலி. யாரும் கொட்டவில்லை. உள்ளே இருந்த அசிட்டோன் காற்றோடு போய்விட்டது. அதில் ஒரு பங்கு வீட்டில் இருந்தவர்களின் மூச்சுக்குள்ளும் போயிருக்கும்.

ஒரு சின்ன பாட்டிலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பெயின்ட், மருந்து, பிளாஸ்டிக் என்று எதைத் தயாரித்தாலும், ஆலைகளுக்கு இப்படிப்பட்ட கரைப்பான்கள் டன் கணக்கில் தேவை. ஒரு பொருளைக் கரைத்து, இன்னொன்றோடு சேரவைத்து, வேலை முடிந்ததும் வெளியேற்றப்படும் திரவங்கள் இவை. கல்யாண வீட்டுக்கு வந்த வாடகைப் பாத்திரம் மாதிரி, சாப்பாட்டில் இருக்காது. ஆனால் அது இல்லாமல் சமையல் நடக்காது. பல கரைப்பான்கள் சட்டென்று தீப்பிடிக்கும். பென்சீன் போன்றவை ரத்தப் புற்றுநோயையே வரவழைக்கும்.

ஆவியாகாத கரைப்பான் ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு வேதியியலாளர்கள் பிடித்த பதில், உப்பு. தண்ணீரில் கரைத்த உப்பு அல்ல. தானே திரவமாக ஓடும் உப்பு.

சமையல் உப்பை வாணலியில் எவ்வளவு வறுத்தாலும் உருகாது. அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நேர்மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனியும், எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இறுகப் பிடித்து, வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கின்றன. இதில் ஒரு அயனியை மட்டும் பெரிதாகவும் கோணல்மாணலாகவும் மாற்றிவிட்டால்? எலுமிச்சம்பழத்தை அழகாக அடுக்கலாம். பலாப்பழத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கலந்து அடுக்கச் சொன்னால் சரிந்துவிடும். அடுக்க முடியாத உப்பு குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. ஆனாலும் அயனிகளுக்கு இடையே உள்ள மின் ஈர்ப்பு விடுவதில்லை. அதனால் சாதாரண வெப்பநிலையில் ஆவியாவது இல்லை என்றே சொல்லலாம். 100 டிகிரிக்குக் கீழே திரவமாக இருக்கும் இத்தகைய உப்புகளுக்கு அயனித் திரவங்கள் என்று பெயர்.

லாத்வியாவில் பிறந்த பால் வால்டன் என்ற வேதியியலாளர், எத்தில் அமோனியம் நைட்ரேட் என்ற உப்பு வெறும் 12 டிகிரியில் உருகிவிடுவதை 1914-லேயே பதிவு செய்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அமெரிக்க விமானப்படை அகாடமியில் பேட்டரி ஆராய்ச்சிக்காக ஜான் வில்க்ஸ் குழுவினர் இதைக் கையில் எடுத்தார்கள். முதலில் செய்த திரவங்கள் காற்றின் ஈரம் பட்டாலே கெட்டுப்போயின. ஈரத்தைத் தாங்கும் வகைகளை வில்க்ஸும் மைக்கேல் சவரோட்கோவும் 1992-ல் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எறும்புகள் இதில் மனிதருக்கு முந்திவிட்டன என்பது தனிக் கதை. நெருப்பெறும்பின் நஞ்சு மேலே பட்டதும், இன்னொரு வகை எறும்பு தன் உடம்பில் சுரக்கும் ஃபார்மிக் அமிலத்தை அதன் மேல் பூசிக்கொண்டு தப்பிக்கிறது. இரண்டும் கலந்து உருவாவது ஓர் அயனித் திரவம் என்று 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆவி இல்லை, நாற்றம் இல்லை, எளிதில் தீப்பிடிப்பதும் இல்லை. உடனே 'பசுமைக் கரைப்பான்' என்ற பட்டம் ஒட்டப்பட்டுவிட்டது. ஆலையிலும் பலன் தெரிந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ஒரு தயாரிப்பில் உண்டாகும் அமிலத்தை அகற்றும்போது, கெட்டியான உப்புக் குழம்பு சேர்ந்து பெரும் தொல்லை. அமிலத்தை அகற்றும் பொருளை மாற்றியதும், அதே உப்பு 75 டிகிரியில் உருகும் அயனித் திரவமாக வந்தது. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காகப் பிரிய, தனியாக வடித்தெடுத்தார்கள். 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்த முறையால், 50 சதவிகிதமாக இருந்த விளைச்சல் 98 ஆக உயர்ந்தது என்பது நிறுவனத்தின் கணக்கு.

சிக்கல் பட்டத்தில்தான். ஆவியாகாது என்றால் காற்றுக்குக் கெடுதல் இல்லை, அவ்வளவுதான். தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பட்டத்தில் பதில் இல்லை.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸின் குழு 2003-ல் இதைப் போட்டு உடைத்தது. அப்போது பரவலாகப் பயன்பட்ட ஒரு வகை, ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் கொண்டது. அது தண்ணீரோடு சேர்ந்து சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அது கண்ணாடியையே அரிக்கும் விஷம். அயனித் திரவங்களுக்காக முன்னின்று வாதாடியவர்களில் ஒருவரே இதைச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. விற்கிறவரே தன் சரக்கின் குறையைச் சொல்வது அபூர்வம்.

அடுத்தடுத்த ஆய்வுகளில், மூலக்கூறின் கார்பன் வால் நீள நீள, நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு கூடுகிறது என்பது தெரிந்தது. இங்கிலாந்தின் நியூகாஸில் பகுதியில் ஒரு குப்பைக் கிடங்குக்கு அருகே எடுத்த மண்ணில், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருள் ஒன்று இருந்ததை 2018-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கல்லீரலின் பித்தக் குழாய்களை உடலே தாக்கும் ஒரு நோயை அது தூண்டுகிறதா என்ற சந்தேகம் எழுந்தது. நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஆவியாகாத பொருள் சிந்திய இடத்தை விட்டு எளிதில் போகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதனால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட முடியாது. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ அபோட் குழு, கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடையும், வயலுக்குப் போடும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்தது. தனித்தனியாக இரண்டும் வெள்ளைத் தூள். சேர்ந்தால் 12 டிகிரியிலேயே உருகும் திரவம்! இதை அயனித் திரவத்தின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். மலிவு; நஞ்சும் குறைவு.

உண்மையிலேயே இந்தத் திரவங்கள் தேவைப்படும் இடம் துணி. ரேயான் என்கிற விஸ்கோஸ் நூல் மரக்கூழிலிருந்து வருகிறது. மரத்தின் செல்லுலோஸ் சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாது. அதனால் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்து வழிக்குக் கொண்டுவருகிறார்கள். கார்பன் டைசல்ஃபைடு ஆவியைத் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சி, மனநலப் பாதிப்பு, இதய நோய் எல்லாம் வந்ததை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் போராடியதை, கோவைப் பகுதிப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இதே ராஜர்ஸ் குழுதான் 2002-ல், செல்லுலோஸை நேரடியாகக் கரைக்கும் அயனித் திரவத்தைக் காட்டியது. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சின்கி பல்கலைக்கழகமும் அந்த வழியில் போய், 'அயன்செல்' என்ற நூலை உருவாக்கின. பழைய செய்தித்தாள், கிழிந்த பருத்தித் துணி எதிலிருந்தும் நூல் எடுக்கிறார்கள். கரைத்த குழம்பை நுண்துளைகள் வழியே தண்ணீருக்குள் இழுத்தால் இழையாகிறது. கார்பன் டைசல்ஃபைடுக்கு அங்கே வேலையே இல்லை. 2018 டிசம்பர் 6-ம் தேதி, அந்நாட்டின் சுதந்திர தின விருந்துக்கு அதிபரின் மனைவி ஜென்னி ஹௌகியோ, பிர்ச் மரத்திலிருந்து இப்படிச் செய்த கவுனை உடுத்தி வந்தார்.

ஒரு கவுன் தைத்துவிடலாம். கடைக்குக் கடை விற்பதுதான் பாடு. அயனித் திரவம் விலை கூடிய சரக்கு. ஒவ்வொரு சுற்றிலும் அநேகமாக முழுவதையும் மீட்டால்தான் கட்டுப்படியாகும். இழை இறங்கிய தொட்டியில் திரவமும் தண்ணீரும் கலந்து கிடக்கும். தண்ணீரை ஆவியாக்கித்தான் திரவத்தைத் திரும்ப எடுக்கிறார்கள். அதற்கு வெப்பம் வேண்டும், வெப்பத்துக்கு எரிபொருள் வேண்டும். ஆய்வாளர்கள் இப்போது மல்லுக்கட்டுவது அந்தத் தொட்டியோடுதான்.