கொல்லைப்புறமும் ஒரு கூடம்தான்!

பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரைக் குப்பங்களில் நான் பார்த்த கொல்லைகளில் வலைக்கு இடம் உண்டு, கருவாட்டுக்கு இடம் உண்டு. மீன் விற்றுத் திரும்பும் பெண் உட்காரத்தான் இடமில்லை! சகோதரிகளே, அதிகச் செலவில்லாமல் கொல்லையை மூன்றாகப் பிரித்துப் பாருங்களேன்.

விளையாட: ஒரு மூலையை மணலோடு பிள்ளைகளுக்கு விடுங்கள். தூண்டில் முள், நைலான் நரம்புத் துண்டுகளை முதலில் பொறுக்கிவிட வேண்டும். பூவரசு நடுங்கள், உப்பு மண்ணையும் தாங்கும். நிழலும் ஆச்சு, பிள்ளைகளுக்கு இலையில் பீப்பீயும் ஆச்சு!

சாப்பிட: அடுப்படியை ஒட்டி நாலு சவுக்குக் கழி நட்டு, தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். கீழே பனையோலைத் தடுக்கு. இவ்வூர் முஸ்லிம் பெண்களின் ஓலை வேலை பேர் பெற்றதாச்சே! கை கழுவும் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். வாய்க்கால் கீறி வாழைக்கு விடுங்கள். அக்டோபரில் மழை தொடங்குமுன் கீற்றை மாற்றிவிடுங்கள்.

சாய்ந்திருக்க: பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தை அடைக்காமல் கயிற்றுக் கட்டில் போடுங்கள். கருவாட்டை மேற்கே தள்ளிக் காயவைத்தால், அந்த நேரம் வாடை வராது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கட்டில் வீட்டு ஆண்களுக்கு மட்டும் அல்ல. கூடை சுமந்து நடந்த கால்களைத் தலையணைமேல் தூக்கிவைத்து, தினம் அரை மணி நேரம் நீங்களும் படுங்கள். கால் வீக்கம் குறையும். "அம்மா ஓய்வா இருக்காங்க" என்று பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டுமே!